ரேஸ் ஏறுதா, இறங்குதா?

சென்னையிலிருந்து அரக்கோணம் போகும் மின்சார ரயில் மணவூரைத் தாண்டியதும் திருவாலங்காட்டில் நிற்கும். நிலையத்திலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே போனால் வடாரண்யேசுவரர் கோயில், நடராசரின் ஐந்து சபைகளுள் ஒன்றான இரத்தின சபை. சுற்றிலும் வயலும் கரும்பும், சர்க்கரை ஆலையும். கடல் காற்றே படாத ஊர். ஆனால் ராஜேந்திர சோழனின் படை கடல் தாண்டிப் போய்க் கடாரத்தை வென்ற செய்தியைச் சொல்லும் செப்பேடுகளுள் முக்கியமானவை இந்த ஊரின் பெயரைத்தான் தாங்கியிருக்கின்றன.

இன்றைக்கும் இந்த வட்டாரத்துக்கும் படகுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. ரயிலில் இன்னும் சில நிறுத்தங்கள் தள்ளி, அரக்கோணத்தை அடுத்த தக்கோலத்தில் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காம் படையணி இருக்கிறது. தமிழ்நாட்டிலோ கேரளத்திலோ வெள்ளம் என்றால் இங்கிருந்து ரப்பர் படகுகள் லாரியில் ஏறுகின்றன. ஒவ்வொரு படகுக்கும் பின்பலகையில் மாட்டிக்கொள்ள ஓர் இன்ஜின் உண்டு. அரசு ஆவணங்களில் அது ‘வெளிப்பொருத்து இயந்திரம்’. கடற்கரையில் ‘அவுட்போர்டு’, அல்லது வெறுமனே ‘இன்ஜின்’. இதே வட்டாரத்தைக் கடந்துபோகும் கொசஸ்தலை ஆறு பூண்டி ஏரியில் நிறைந்து, மிஞ்சியது எண்ணூரில் கடலைச் சேர்கிறது. 2021 நவம்பரில் பூண்டியின் உபரி நீர் அந்த ஆற்றில் பெருகியபோது மணலி புதுநகர் தெருக்களில் படகு ஓடியது. திருவாலங்காடு இருக்கும் அதே திருவள்ளூர் மாவட்டத்தின் கிழக்கு எல்லையில் பழவேற்காடு. அங்கே இந்த இன்ஜின்கள் அன்றாடம் ஓடுகின்றன.

இப்படி ஓடும் இன்ஜின்களில் எல்லோரும் ஒரு நாள் சந்திக்கும் கோளாறு ஒன்று உண்டு. ஆக்சிலேட்டரை யாரும் தொடவில்லை, ஆனால் வேகம் தானாக மாறுகிறது. நன்றாகப் போய்க்கொண்டிருந்தது திடீரென்று தொய்கிறது, அல்லது அலறுகிறது, அல்லது ஏறி இறங்கி, ஏறி இறங்கித் தவிக்கிறது. ‘ரேஸ் நிக்க மாட்டேங்குது’ என்பது கடற்கரை மெக்கானிக் கடைகளில் அடிக்கடி கேட்கும் புகார். நின்றுவிட்ட இன்ஜினை விட இதுதான் ஆளை அதிகம் குழப்பும். நின்றுவிட்டால் கோளாறு என்று தெரிகிறது. ஓடிக்கொண்டே தடுமாறும் இன்ஜினை ‘கரைக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று நம்பத் தோன்றுகிறது.

அந்த நம்பிக்கை எங்கே கைவிடும் என்பதைப் பழவேற்காட்டு முகத்துவாரத்தைப் பார்த்தவர்கள் அறிவார்கள். இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சிலிகாவுக்கு அடுத்துப் பெரியது பழவேற்காடு ஏரி. பெரும்பகுதி ஆந்திரத்தில், தென்பகுதி தமிழ்நாட்டில். ஏரி ஆழமற்றது; பல இடங்களில் நின்றால் இடுப்பளவுதான். கடலோடு அது சேரும் முகத்துவாரத்தில் மணல் சேர்ந்துகொண்டே இருக்கும். வாய் குறுகும், இடம் மாறும், சில காலம் அடைத்தும் போகும். குறுகிய வாயில் நீரோட்டமும் அலையும் மோதிக்கொள்ளும். அந்த இடத்தில் படகு அலைக்கு நேராகத் தலைகாட்டிப் போக வேண்டும். அதற்கு இன்ஜினில் இழுவை வேண்டும். 2011 டிசம்பர் 25 அன்று இந்தப் பகுதியில் சுற்றுலாப் பயணிகள் ஏறிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதை இன்ஜின் கோளாற்றின் கணக்கில் எழுத முடியாது. என்றாலும், அந்த நீர் எப்படிப்பட்டது என்பதற்கு அதைவிடக் கொடிய சாட்சி வேண்டியதில்லை. அங்கே அரை நிமிடம் இழுவை குறைந்தாலும் படகு பக்கவாட்டில் திரும்பிவிடும்.

இன்ஜினின் அமைப்பு எளிது. மேலே மூடிக்குள் எரியும் பகுதி. அங்கிருந்து செங்குத்தாக இறங்கும் தண்டு. அடியில் பல்சக்கரப் பெட்டி. அதன் முனையில் காற்றாடி. எரிபொருள் தனி டேங்கில் படகுக்குள் இருக்கும்; ரப்பர் குழாய் வழியே மேலே போகும். குழாயின் நடுவில் கைக்குள் அடங்கும் ஒரு ரப்பர் பல்பு, கிளப்புமுன் அழுத்தி எண்ணெய் ஏற்றுவதற்கு. குளிர்விக்கத் தண்ணீரைக் கீழிருந்து இழுத்து, பின்னால் சிறு துளையில் பீச்சும். நார்வேயில் பிறந்து அமெரிக்காவின் மில்வாக்கியில் தொழில் செய்த ஓலே எவின்ரூட் 1909இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஒன்றரைக் குதிரைத்திறன் இன்ஜினின் அடிப்படை வடிவமும் இதுதான். நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் எலும்புக்கூடு மாறவில்லை. அதனால்தான் கோளாறுகளும் பெரும்பாலும் பழையவையே. கண்டுபிடிக்கும் வழியும் கைக்கு எட்டுவதுதான்.

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். வேகம் மாறியபோது இன்ஜின் சத்தம் ஏறியதா, இறங்கியதா? படகு அந்தச் சத்தத்தோடு சேர்ந்து போனதா? இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்தால் தேட வேண்டிய இடம் பாதிக்கு மேல் சுருங்கிவிடும். ஆனால் நடப்பது என்ன? தடுமாறியதும் முதலில் மூடியைத் திறந்து கார்புரேட்டரைக் கழற்றுகிறார்கள். உள்ளே இருக்கும் நுண்ணிய ஜெட்டைக் கம்பியால் குத்துகிறார்கள், திருகைத் திருப்புகிறார்கள். கோளாறு டேங்க் மூடியில் இருந்திருக்கும். இப்போது கோளாறு இரண்டாகிவிடும்.

சத்தம் ஏறி, படகு மட்டும் மந்தமாகிறது என்றால் இன்ஜின்மேல் பழியில்லை. அது நன்றாகத்தான் ஓடுகிறது, அதன் பிடி தண்ணீரில் இல்லை. முதலில் சந்தேகிக்க வேண்டியது காற்றாடியின் நடுவே இருக்கும் ரப்பர் புஷ். காற்றாடி கல்லிலோ கட்டையிலோ அடித்தால் பல்சக்கரம் உடையாமல் இருக்க அந்தப் புஷ் அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும். பல முறை தாங்கியபின் அதன் பிடி விட்டுவிடும். மெதுவாகப் போகும்போது ஒன்றும் தெரியாது. ஆக்சிலேட்டரைத் திருகினால் உள்ளே தண்டு சுற்றும், வெளியே இதழ்கள் பின்தங்கும். இதைக் கண்டுபிடிக்கக் காசே வேண்டாம். நடுக்குழலிலும் அதைச் சுற்றிய காற்றாடி உடம்பிலும் சேர்த்து ஒரே நேர்கோடாகப் பெயிண்டில் கீற்றுப் போட வேண்டும். ஒரு முறை வேகமாக ஓடிவிட்டு வந்து பார்த்தால், கோடு இரண்டாக விலகியிருந்தால் புஷ் போய்விட்டது என்று பொருள். சிறிய இன்ஜின்களில் புஷ்ஷுக்குப் பதில் ஷியர் பின் என்ற சிறு ஊசி உண்டு. அது முறிந்தால் விலகல் எல்லாம் இல்லை. இன்ஜின் கத்தும், படகு நின்ற இடத்தில் நிற்கும். மாற்று ஊசி ஒன்று படகில் இல்லாமல் கடலுக்குப் போவது தேவையில்லாத துணிச்சல்.

வெள்ள மீட்பில் இந்தக் கோளாறுக்கு வேலை அதிகம். 2015 டிசம்பரில் சென்னையிலும், 2018 ஆகஸ்டில் கேரளத்திலும் மீனவர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றி ஊருக்குள் கொண்டுபோனார்கள். கேரளத்தில் அரசு சொன்ன கணக்குப்படி 669 படகுகள் சுமார் 65,000 பேரை மீட்டன. கடலில் ஓடப் பழகிய காற்றாடிக்குத் தெருவில் காத்திருந்தவை சுற்றுச்சுவர்கள், இரும்புக் கேட்டுகள், மூழ்கிய வண்டிகள். அப்படி உழைத்துத் திரும்பும் இன்ஜினில் முதலில் பார்க்க வேண்டியது இந்தப் புஷ்தான்.

சத்தம் ஏறுவது வளைவில் திரும்பும்போதும் அலையின் முதுகில் ஏறும்போதும் மட்டும் என்றால் காரணம் வேறு. காற்றாடி மேற்பரப்புக் காற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறது. காற்றில் இதழுக்கு எதிர்ப்பு இல்லை. ஒரு நொடியில் சுற்று எகிறிவிடும், மீண்டும் தண்ணீரில் விழும்போது தண்டும் பல்சக்கரமும் அடி வாங்கும். காற்றாடிக்கு மேலே கிடைமட்டமாக ஒரு தகடு இருக்கும். அது படகின் அடிப்பலகை மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழேயோ இருக்க வேண்டும். பின்பலகை உயரமான படகில் குட்டைத் தண்டு இன்ஜினை மாட்டினால் எத்தனை முறை கார்புரேட்டரைத் துடைத்தாலும் இது தீராது. ஆளெல்லாம் முன்பக்கம் உட்கார்ந்து பின்பக்கம் தூக்கிக்கொண்டாலும் இதே கதைதான். இரண்டு பேரைப் பின்னால் வரச் சொன்னால் சரியாகிவிடும்.

சத்தமும் இறங்கி, படகும் நடுங்கினால் காற்றாடியில் ஏதோ சுற்றியிருக்கிறது. பழவேற்காட்டில் பாசியும் வலைத்துண்டும். நகர வெள்ளத்தில் பிளாஸ்டிக் பையும் துணியும் கேபிள் வயரும். இன்ஜினை அணைத்து, கழன்றால் இன்ஜினை நிறுத்திவிடும் பாதுகாப்புக் கயிற்றைக் கழற்றிய பிறகே கை வைக்க வேண்டும். சுற்றிய வலை நரம்பை அறுத்தெடுத்ததோடு விட்டுவிடவும் கூடாது. மெல்லிய நரம்பு காற்றாடிக்குப் பின்னால் தண்டோடு ஒட்டிப் போய் ஆயில் சீலை அறுத்துவிடும். அடுத்த முறை பல்சக்கரப் பெட்டியின் ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போய்விட்டது என்று அறியலாம்.

இனி, நடுக்கமும் இல்லை, காற்றாடியும் சுத்தம், ஆனால் சத்தமும் வேகமும் சேர்ந்தே தொய்கின்றன. இங்கேதான் பெரும்பாலான படகுகள் மாட்டிக்கொள்கின்றன. இன்ஜினுக்குத் தீனி போதவில்லை என்று பொருள், அந்தத் தீனி தடைபடும் இடம் பெரும்பாலும் இன்ஜினுக்கு வெளியே இருக்கும்.

அடிக்கடி நடப்பது இது. படகு கரையை விட்டுக் கிளம்புகிறது. பத்து, பதினைந்து நிமிடம் பழுதில்லாமல் ஓடுகிறது. பிறகு ரேஸ் ஏறி இறங்கத் தொடங்கி, மெல்லத் தொய்ந்து நின்றுவிடுகிறது. கொஞ்சம் பொறுத்துக் கயிற்றை இழுத்தால் கிளம்பும். மறுபடி சில நிமிடத்தில் அதே தொய்வு. டேங்க் மூடியில் காற்று போக ஒரு சிறு திருகு இருக்கிறது. வண்டியில் ஏற்றும்போது சிந்தாமலிருக்க அதை மூடுவார்கள். கடலில் திறக்க மறந்துவிடுவார்கள். எண்ணெய் வெளியேற வெளியேற உள்ளே வெற்றிடம் உண்டாகி, பம்ப் இழுக்க முடியாமல் போகிறது. நின்ற இன்ஜின் ஓய்வில் இருக்கும்போது காற்று கசிந்து உள்ளே போவதால் மறுபடி கிளம்புகிறது. மூடியைத் திறந்ததும் ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுபடும் சத்தம் கேட்டால் வேறு சாட்சி வேண்டாம்.

ஆனால் இதே நாடகத்தை வேறொரு கோளாறும் அப்படியே நடித்துக் காட்டும். தீப்பொறி தரும் காயில் சூடேறியதும் வலுவிழந்து, ஆறியதும் மீளும். பத்து நிமிட ஓட்டம், நிறுத்தம், ஓய்வு, மறுபடி ஓட்டம் என்று எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டையும் பிரித்தறிய அந்த ரப்பர் பல்பு போதும். தொய்வு தொடங்கும் அந்த நேரத்திலேயே ஒருவர் பல்பைப் பிடித்துப் பார்க்க வேண்டும். உள்ளே ஒட்டி நசுங்கிக் கிடந்தால் பல்புக்கும் டேங்குக்கும் நடுவே அடைப்பு: மூடித் திருகு, டேங்கின் உள்ளே இருக்கும் வடிகட்டி, அல்லது யாரோ மிதித்து மடங்கிய குழாய். நசுங்காமல் தொளதொளவென்று இருந்து, அழுத்திக்கொண்டே வந்தால் இன்ஜின் மீண்டும் பிடிக்கிறது என்றால் இன்ஜினின் எண்ணெய்ப் பம்புக்குள் இருக்கும் மெல்லிய சவ்வு கிழிந்திருக்கலாம், அல்லது குழாயில் காற்று புகுந்திருக்கலாம். பல்பு கெட்டியாக நிறைந்திருந்தும் இன்ஜின் தொய்கிறது என்றால் எண்ணெய் வாசல்வரை வந்துவிட்டது. தீப்பொறியையோ கார்புரேட்டரையோ அப்போதுதான் சந்தேகிக்க வேண்டும். நின்ற பிறகு பல்பைப் பார்ப்பதில் பயனில்லை.

காற்று புகும் கோளாறு கண்ணுக்குத் தெரியாது. டேங்கிலிருந்து பம்புவரை எண்ணெய் தள்ளப்படுவதில்லை, உறிஞ்சப்படுகிறது. இளநீர் உறிஞ்சும் ஸ்ட்ராவில் ஓட்டை இருந்தால் ஒரு சொட்டும் வெளியே ஒழுகாமல் வாயில் காற்று மட்டும் வருமே, அப்படித்தான். ஒழுகல் இல்லை என்பதால் குழாயில் குறையில்லை என்று நினைக்கக் கூடாது. வெயிலில் காய்ந்து வெடித்த குழாய், தளர்ந்த கிளிப், இன்ஜினோடு இணையும் முனையில் தேய்ந்துபோன ரப்பர் வளையம் மூன்றும் காற்றைக் குடிக்கும். மெதுவாக ஓடும்போது தேவை குறைவு என்பதால் தெரியாது. முழு வேகத்தில்தான் ரேஸ் ஏறி இறங்கும். சந்தேகம் வந்தால் தேடிக்கொண்டிருக்காமல் வேறொரு படகின் டேங்கையும் குழாயையும் மாட்டி ஓட்டிப் பார்ப்பதே நல்லது. கோளாறு மறைந்தால் இன்ஜினைத் திறக்கவே வேண்டாம்.

அடுத்தது தண்ணீர். டேங்கின் அடியில் ஒரு டம்ளர் தண்ணீர் தங்கியிருந்தால் அமைதியான ஏரியில் ஒன்றும் ஆகாது. அலையில் படகு தூக்கிப்போடும்போது தண்ணீர் புரண்டு உறிஞ்சும் வாயருகே வரும். ஒரு மிடறு போனதும் இன்ஜின் விக்கும், பிறகு தெளியும், அடுத்த அலையில் மறுபடி விக்கும். முகத்துவாரத்தில் மட்டும் கோளாறு செய்கிறது, ஏரிக்குள் வந்தால் சரியாகிவிடுகிறது என்று யாராவது சொன்னால் முதலில் டேங்கின் அடியைப் பார்க்க வேண்டும். வடிகட்டியில் இருப்பதைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து அசையாமல் சிறிது நேரம் வைத்தால் தண்ணீர் அடியில் தனி அடுக்காக நிற்கும்.

பெட்ரோலில் இப்போது இன்னொரு சங்கதியும் சேர்ந்திருக்கிறது. 2025இல் நாட்டில் பெட்ரோலோடு கலக்கும் எத்தனாலின் அளவு 20 சதவீதத்தை எட்டியது. எத்தனால் ஈரத்தை இழுத்துத் தன்னுள் கரைத்துக்கொள்ளும் குணமுடையது. அளவுக்கு மேல் ஈரம் சேர்ந்துவிட்டால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் போய்த் தங்கிவிடும். சாலையில் ஓடும் வண்டி வாரத்துக்கு வாரம் டேங்கைக் காலி செய்துவிடுகிறது. மீன்பிடித் தடைக்காலத்தில் இரண்டு மாதம் கரையில் கிடக்கும் படகு, அல்லது அடுத்த வெள்ளம்வரை கிடங்கில் காத்திருக்கும் மீட்பு இன்ஜின் அப்படியல்ல. கடற்காற்றின் ஈரம் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். எத்தனாலைத் தாங்காத பழைய ரப்பர் குழாய்களின் உட்புறம் இளகி, உரிந்து, துணுக்காக ஜெட்டை அடைப்பதும் உண்டு. நாள்பட்ட பெட்ரோல் பிசினாகிக் கார்புரேட்டரின் நுண்துளைகளில் படிவது எத்தனால் இல்லாத காலத்திலும் நடந்ததுதான். இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு ஆயில் கலந்த பெட்ரோல் வேறு. மிஞ்சியதை அடுத்த பருவத்துக்கு வைத்திருப்பது சிக்கனம் போலத் தோன்றினாலும், அதனால் வரும் மெக்கானிக் செலவு அதைவிடப் பெரிது.

மண்ணெண்ணெயில் ஓடும் இன்ஜின்களுக்குத் தனிக் குணம் உண்டு. கேரளத்திலும் தமிழகத்திலும் இலங்கையின் வடக்கிலும் சிறு படகுகளுக்கு அதுவே கட்டுப்படியாகும் எரிபொருளாக இருந்துவந்தது. கிளப்புவது பெட்ரோலில், சில நிமிடம் சூடேறியதும் சிறு திருகைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அவசரத்தில் சூடேறுமுன் மாற்றினால் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாது. ரேஸ் நிற்காது, புகை கக்கும், பிளக்கில் ஈரக் கரி படியும். கரை திரும்பும்போது நிறுத்துவதற்கு முன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றிச் சிறிது ஓடவிட வேண்டும். இல்லையேல் கார்புரேட்டருக்குள் மண்ணெண்ணெய் தங்கி, மறுநாள் விடியற்காலையில் கயிறு இழுத்தே கை ஓய்ந்துவிடும். பெட்ரோலுக்கென்று செய்த இன்ஜினில் மண்ணெண்ணெய் கலந்து ஓட்டுவது இன்னும் மோசம். அதன் அழுத்தத்துக்கு மண்ணெண்ணெய் தாங்காது. உள்ளே தட்டும் சத்தம் கேட்கும், பிஸ்டன் அடிபடும். 2022 ஆகஸ்டில் இலங்கையில் மண்ணெண்ணெய் லிட்டர் 87 ரூபாயிலிருந்து ஒரே தாவலில் 340 ரூபாயானது. விலை இப்படி எகிறும்போது கேனின் அடியில் கிடக்கும் கசண்டைக்கூடக் கொட்ட யாருக்கும் மனம் வராது. அந்த அடிக் கசண்டில்தான் தண்ணீரும் துருவும் இருக்கின்றன. துணி வைத்து வடிகட்டி ஊற்றும் பழைய பழக்கத்துக்கு இங்கே உண்மையான பயன் உண்டு.

தொய்வு மெதுவாக வராமல், ஒரே வெட்டாகப் பாதி வலு போய்விட்டால் அது எண்ணெய்க் கோளாறாக இருப்பது அரிது. இரண்டு சிலிண்டர் இன்ஜினில் ஒன்று எரிவதை நிறுத்தியிருக்கிறது. சத்தத்தின் தாளமே மாறிவிடும். ‘மிஸ் அடிக்குது’ என்று காதே சொல்லிவிடும். பிளக்கில் கரி பிடித்திருக்கலாம், காயிலுக்குப் போகும் வயரில் உப்புப் பூத்திருக்கலாம். ஓடும்போது பிளக் வயரைக் கையால் பிடுங்கிப் பார்க்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அதிர்ச்சி அடிப்பதோடு, மூடிக்குள் தேங்கிய பெட்ரோல் ஆவியில் பொறி பட்டால் தீப்பிடிக்கும். நவீன மின்பற்றவைப்புப் பெட்டியும் எரிந்துபோகும். அணைத்துவிட்டு இரண்டு பிளக்கையும் கழற்றிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். ஒன்று காய்ந்த காப்பிப்பொடி நிறத்தில் இருக்க, மற்றொன்று நனைந்து கறுத்திருந்தால் எது தூங்குகிறது என்று தெரிந்துவிடும். ஒரு நொடி அணைவதுபோல் போய் உடனே மீண்டு வருகிறது என்றால் பாதுகாப்புக் கயிறு மாட்டும் கில் சுவிட்சைச் சந்தேகிக்கலாம். அதன் வயரில் உப்பு ஏறினால் அலையில் குலுங்கும்போதெல்லாம் இன்ஜினுக்கு ‘நில்’ என்று உத்தரவு போய்க்கொண்டிருக்கும். அதற்காக அந்தச் சுவிட்சையே துண்டித்துவிட்டு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஓட்டுபவர் தண்ணீரில் விழுந்தால் ஆளில்லாப் படகு வட்டமடித்து அவர்மேலேயே வரும். அந்த வயரை மாற்ற ஆகும் செலவு ஒரு நாள் டீச்செலவைத் தாண்டாது.

புதிய நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின்களில் வேகம் குறைவது கோளாறாகவே இல்லாமலும் இருக்கலாம். சூடு மிஞ்சினாலோ ஆயில் அழுத்தம் குறைந்தாலோ, பல இன்ஜின்கள் தாமாகவே சுற்றை நிமிடத்துக்குச் சுமார் 2,000க்கு இறக்கிக்கொண்டு ஒலியோ விளக்கோ காட்டும். பழைய இன்ஜினில் பழகியவர் ‘பிக்கப் இல்லை’ என்று மேலும் திருகுவார். அது தன்னைக் காத்துக்கொள்ளும் இன்ஜினைத் துன்புறுத்துவது. பின்னால் தண்ணீர் பீச்சுகிறதா என்று முதலில் திரும்பிப் பார்க்க வேண்டும். நூல்போல் மெலிந்திருந்தாலோ நின்றுவிட்டாலோ, துளையில் தூண்டில் நரம்பை விட்டுக் குத்தினால் மணல் அடைப்பு நீங்கும். நீங்கவில்லை என்றால் கீழே தண்ணீர் இழுக்கும் சல்லடையை ஒரு பிளாஸ்டிக் பை மூடியிருக்கலாம், அல்லது தண்ணீரை இறைக்கும் இம்பெல்லரின் ரப்பர் இதழ்கள் தேய்ந்திருக்கலாம். பழவேற்காட்டு மணலும் வெள்ளச் சேறும் அந்த இதழ்களுக்கு அரம். கரையில் தண்ணீரில்லாமல் ‘சும்மா ஒரு தரம்’ கிளப்பிப் பார்ப்பதும் அவற்றை எரித்துவிடும்.

ஐட்லிங்கில் மட்டும் ஏறி இறங்குவதும், மெதுவேகத்தில் அணைந்துபோவதும்தான் உண்மையில் கார்புரேட்டரின் பங்கு. மெதுவேக ஜெட் மிக நுண்ணியது. பிசின் முதலில் அடைப்பது அதைத்தான். கம்பி விடாமல் கார்புரேட்டர் திரவமும் காற்றும் கொண்டு சுத்தம் செய்ய வேண்டும். திருகைத் தொடுவதற்கு முன் அது எத்தனை சுற்றில் இருந்தது என்று எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். இதற்கெல்லாம் முன்னால் ஆக்சிலேட்டர் பிடியையும் பார்ப்பது நல்லது. கைப்பிடி இறுக்கத்துக்கு ஒரு திருகு உண்டு. அது தளர்ந்தால் அதிர்விலேயே பிடி பின்னோக்கிச் சுழன்று, கை எடுத்ததும் வேகம் தானாக இறங்கும். இதற்காக இன்ஜினையே பிரித்துப் போட்டவர்கள் உண்டு. கோரமண்டல் கரையில் நிறைய ஓடும் நீண்ட தண்டு டீசல் இன்ஜின்களில் ரேஸ் ஏறி இறங்கினால் பிளக்கும் இல்லை, காயிலும் இல்லை; டீசல் குழாயில் ‘ஏர் பிடித்திருக்கிறது’ என்பதே முதல் சந்தேகம். குழாயின் நட்டைத் தளர்த்திக் குமிழி நிற்கும்வரை டீசலை வழியவிட்டால் பெரும்பாலும் தீரும்.

மெக்கானிக்கிடம் கொண்டுபோகும்போது ‘ரேஸ் நிக்கல’ என்று மட்டும் சொன்னால் அவரும் கார்புரேட்டரில்தான் தொடங்குவார். எத்தனை நிமிடம் ஓடியபின் வந்தது, முழு வேகத்திலா மெதுவேகத்திலா, அலையில் மட்டுமா, அப்போது பல்பு எப்படி இருந்தது, படகில் எத்தனை பேர் என்று சொன்னால் அரை வேலை முடிந்தது. பழுது பார்த்தபின் தண்ணீர் நிறைத்த டிரம்மில் இன்ஜினை மாட்டி ஓட்டிக் காட்டுவார்கள். கிளம்புகிறதா, தண்ணீர் பீச்சுகிறதா, ஐட்லிங் நிற்கிறதா என்பது வரை அதில் தெரியும். நழுவும் புஷ்ஷும், சவ்வு கிழிந்த பம்பும், காற்று குடிக்கும் குழாயும், சூட்டில் சோரும் காயிலும் டிரம்மில் பெரும்பாலும் பிடிபடுவதில்லை, ஏனென்றால் அங்கே சுமை இல்லை, நேரமும் போதாது. வழக்கமாக ஏறும் ஆட்களோடும் வலையோடும், ஏரியின் உள்பக்கத்தில், முழு வேகத்திலும் பாதி வேகத்திலுமாக அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்த பிறகுதான் முகத்துவாரத்தைத் தாண்ட வேண்டும்.